முள் காட்டாத பளு

சவப்பெட்டியின் முன்பக்கக் கைப்பிடியைத் தான் பிடிக்காமல் ஓட்வாருக்கு விட்டுக்கொடுத்தாள் தூரிட். அப்பா ஹல்வாருக்கு அவரைவிட நெருக்கமானவர் யார்? அப்பா கடலடிக் குழாய்களைப் பற்றவைத்த மூழ்காளர். பெர்கன் நகரச் சோதனைக்கூடத்தின் அழுத்தத் தொட்டியில், தண்ணீருக்குள் அவர் மிதித்த சைக்கிளைச் செய்தவர் ஓட்வார். ஆழத்தில் மூழ்காளரின் உடம்பு எவ்வளவு உழைக்கும் என்று அளக்கிற சைக்கிள் அது. உள்ளே அப்பா மிதிப்பார். வெளியே இவர் பளுவைக் கூட்டுவார்.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் காப்பியும் கேக்கும். வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஓட்வார் எழுந்ததுமே சிரிப்பு தொடங்கிவிட்டது.

"மீட்டர் முள்ளு நூத்தம்பது வாட் காட்டும். 'இன்னும் ஏத்துடா, கிழட்டு ஆடே'ன்னு உள்ளேருந்து ஹீலியம் கலந்த காத்தை இழுத்து, குரல் மாறி வாத்து மாதிரி கத்துவான். தண்ணியில காலை அசைக்கிறதே தனிப் பளு, அது முள்ளுல வராது. நெசமா இருநூறுக்கு மேல மிதிச்சான் மனுசன்!"

கூடம் கைதட்டியது. தூரிட் காப்பிக் குடுவையை மேசையில் வைத்துவிட்டாள்.

நுரையீரல் கெட்டது வேலையால்தான் என்று அப்பா இழப்பீட்டை முடிவு செய்யும் மருத்துவக் குழுவிடம் மூன்று முறை முறையிட்டார். மூன்று முறையும் ஒரே பதில்: சோதனை அறிக்கைப்படி அது நூற்றைம்பது வாட், மிதமான உழைப்பு. அறிக்கையில் ஓட்வாரின் கையெழுத்து.

கோட்டு மாட்டும் இடத்தில் அவரை நிறுத்தினாள்.

"மாமா, அந்த இருநூறு அறிக்கையில இருக்கா?"

"எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அம்மாடி. படிக்கிறவங்க சேர்த்துக்குவாங்கன்னு..."

"குழு கேட்டப்போ?"

அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "சொல்லியிருந்தா சோதனைக்கூடத்தையே மூடியிருப்பாங்க. முப்பது பேர் பொழப்பு."

"அப்பாகிட்டயாவது?"

"அவன் கேக்கவே இல்ல. என்னை நம்பினான்."

கூட இருந்தே குழி பறித்தவர் கையில்தான் அப்பாவைக் கடைசியாகக் கொடுத்திருந்தாள். ஆனால் அவளும் அந்த அறிக்கையைத்தானே நம்பினாள்? "நூத்தம்பதுக்கே இவ்வளவு மூச்சா அப்பா? நடிக்காம படி ஏறுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

வீட்டில் மாடிப்படி திரும்பும் இடம் காலியாக இருந்தது. அப்பா மூச்சு வாங்க உட்காரும் முக்காலியை, வழியை அடைக்கிறது என்று அவர் இறப்பதற்குச் சில நாள் முன் நிலவறையில் போட்டவள் அவள்தான்.

தூரிட் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கிப்போய் அதை எடுத்துவந்தாள். தூசியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.