ஒன்பதாம் கட்டில்: நன்றாகச் சாப்பிட்டார்

ரெய்னா கஸ்தெஹோன், சந்தையில் மாட்டிறைச்சி வெட்டுகிறவள். இறைச்சி வெட்டும் கத்தியோடுதான் காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரிச் சமையலறைக்குள் நுழைந்தாள். பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்த கிழவர் லென்சோவின் தலைமயிரைப் பிடித்து அடுப்பு மேடையில் மோதினாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கத்தி அவர் கழுத்தில் பதிந்தது.

"என் தம்பிக்குத் தட்டு வச்சது நீதானே?"

"பட்டியல்ல இருந்துச்சு தாயி... ஒன்பதாம் கட்டிலுக்கு முழுச் சாப்பாடுன்னு..."

"எவ எழுதின பட்டியல்?"

லென்சோ அடுப்பையே பார்த்தார். உணவுப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்ற நினோஸ்காவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள்தான் அந்த வார்டின் உணவு நிபுணர். கிழவர் தன்னைக் காட்டிக்கொடுக்காதது, அறை வாங்குவதைவிட அவளுக்கு வலித்தது.

ரெய்னாவின் தம்பி ஓவிதியோவைக் கடத்தல்காரர்கள் பதினெட்டு நாள் ஒரு கொட்டகையில் கட்டிப்போட்டு, வெறும் தண்ணீர் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர்களிடம் சாகாமல் வந்தவனை மூன்றே நாளில் ஆஸ்பத்திரி கொன்றது. பட்டினியில் காய்ந்த உடம்புக்குச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் ரத்தத்தில் உப்புகள் சரிந்து இதயம் நின்றுவிடும். நினோஸ்காவுக்கு இது தண்ணி பட்ட பாடு. சேர்த்த அன்றே ரெய்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினெட்டு நாளா சாப்பிடலம்மா" என்று சொல்லியிருந்தாள். "எழுதிக்கிறேன்" என்றாள் நினோஸ்கா. எழுதவில்லை.

அங்கே பதிவேட்டை யாரும் நோயாளியைப் பார்த்து எழுதுவதில்லை. நேற்றைய பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். சமையலறைக்குப் போகும் பட்டியலும் அதிலிருந்துதான். எட்டு மணிக்கு மேலதிகாரி வருவார். கட்டம் எதுவும் காலியாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுவார். ஆகவே ஏழு மணிக்கே நாற்பது கட்டிலும் நன்றாகச் சாப்பிட்டு முடித்திருக்கும். ஒன்பதாம் கட்டிலில் முன்பு கால் முறிந்த லாரி ஓட்டுநர் ஒருவன் கிடந்தான். அவனுடைய பீன்ஸும் முட்டையும் பொரித்த வாழைப்பழமும் அப்படியே ஓவிதியோவுக்குப் போயின. பேய்ப் பசியில் அவனும் தட்டை வழித்துத் தின்றான்.

"அந்தப் புஸ்தகத்தைப் படிடி!" ரெய்னா கத்தினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படி!"

நினோஸ்கா பதிவேட்டை மேசையில் விரித்தாள். 'கஞ்சி மட்டும்' என்று படித்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? பட்டியலை மீறியவர் லென்சோ என்றாகிவிடும், கத்தி அவர் கழுத்தில் இறங்கும், அவள் பிழைத்துக்கொள்வாள். ஒரு கணம், பாவி, அப்படித்தான் படிக்க நினைத்தாள்.

"முழுச் சாப்பாடுன்னு இருக்கு," என்றாள். "நான்தான் எழுதினேன். நீங்க சொன்னதை எழுதல. அவரை விட்டுடுங்க."

"இன்னைக்கு என்ன எழுதியிருக்கே?"

"நல்லா சாப்பிட்டார்... தொடரலாம்னு."

"அவன் விடியக்காலம் அஞ்சு மணிக்கே செத்துட்டான்டி!"

லென்சோவை உதறிவிட்டுப் பாய்ந்தாள். கத்தி நினோஸ்காவின் வலது உள்ளங்கையைத் துளைத்து, பதிவேட்டையும் துளைத்து, மேசையில் இறங்கி நின்றது. நினோஸ்கா அலறினாள். அவளைவிடப் பெரிதாக ரெய்னா அலறினாள்.

காவலாளிகள் மூன்று பேர் ஓடிவந்து ரெய்னாவைத் தரையில் தள்ளித் தடியால் விளாசினார்கள். ஒரு பல் தெறித்து விழுந்தது. "அடிக்காதீங்கடா! தப்பு என்னோடதுடா!" என்று நினோஸ்கா கதறியது யார் காதிலும் ஏறவில்லை. ரெய்னாவுக்கு நினைவு தப்பிய பிறகுதான் விட்டார்கள்.

நினோஸ்காவின் கையில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே தலைமைக் காவலாளி ஒரு தாளோடு வந்தான்.

"பைத்தியக்காரி, காரணமே இல்லாம குத்தினான்னு எழுதிட்டேன் மேடம். இங்கே ஒரு கையெழுத்து. இடது கையால போட்டாலும் பரவாயில்ல."

அதுவரை அவன் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. நினோஸ்காவுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. தாளை இடது கையால் வாங்கிக் கசக்கிப் போட்டாள்.

"வேற தாள் எடுத்துட்டு வந்து உட்காருங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. முதல்ல செத்தவர் பேரை எழுதுங்க."