லேலண்ட் எழுந்து போகவில்லை

லேலண்ட் குசெரா எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எங்கள் நகர மன்றத்தில் அது வழக்கம். சொந்த லாபம் கலந்த தீர்மானம் வந்தால், அந்த உறுப்பினர் நடைகூடத்துக்குப் போய் சோடா இயந்திரத்தின் அருகே நிற்பார். வாக்கெடுப்பு முடிந்ததும் நான் போய்க் கூப்பிடுவேன். நான் மன்றத்தின் எழுத்தர்.

ஊரின் ஒரே மளிகைக் கடை லேலண்டுடையது. அன்றைய தீர்மானம், நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய அங்காடிக்கு அனுமதி தருவது. அது வந்தால் அவர் கடை ஒரு வருஷம் தாங்காது. வராவிட்டால் தண்ணீர்க் கட்டணம் இரட்டிப்பாகும். கிணறுகளில் நைட்ரேட் ஏறியதால், நெப்ராஸ்கா அரசின் உத்தரவுப்படி, கடன் வாங்கிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தோம். அந்தக் கடனில் பெரும் பங்கை அங்காடி ஏற்கும் என்று ஒப்பந்தம்.

மன்றத்தில் ஏழு பேர். தீர்மானம் நிறைவேற நான்கு வாக்கு வேண்டும். மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு என்பது ஊருக்கே தெரியும். லேலண்ட் வெளியே போனால் தீர்மானம் தோற்கும். கடை பிழைக்கும். நேர்மையானவர் என்ற பெயரும் கிடைக்கும்.

பொதுமக்கள் பேசும் நேரத்தில் கடைசியாக ஆர்லிஸ் வந்தாள். எண்பதைத் தாண்டியவள்.

"எனக்கு வர்றது பென்ஷன் மட்டும்தான். குளிக்கறத வாரத்துக்கு ரெண்டு தடவையாக் குறைச்சுட்டேன். இன்னும் குறைக்கச் சொன்னா, சர்ச்சுல எம்பக்கத்துல நீங்கதான் உக்காரணும், மேயர்."

கூட்டம் சிரித்தது. லேலண்டும் சிரித்தார்.

மேயர் ஜோலீன் தீர்மானத்தைப் படித்தாள். லேலண்டைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி மெர்ல், வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருஷ நண்பர்.

"போப்பா. வர்றப்ப எனக்கு ஒரு ஆரஞ்சு சோடா."

"நான் போகலை, மெர்ல்."

மேயர் நகர வழக்கறிஞரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொந்த லாபத்துக்கு ஓட்டுப் போடக் கூடாது. சொந்த நஷ்டத்துக்குப் போட்டா சட்டம் தடுக்காது." அதைத் துடைத்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அப்ப சரி" என்றார் லேலண்ட்.

நான் பெயர்களை வாசித்தேன். மெர்ல் "இல்லை" என்றது தெருவரை கேட்டிருக்கும். ஆறு பேர் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று.

"குசெரா."

"ஆம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"கேட்டுச்சுல்ல, நோரீன்?"

கேட்டிருந்தது. எழுதினேன். தீர்மானம் நிறைவேறியது.

மெர்ல் முகம் சிவந்துவிட்டது. "உனக்காகத்தான்யா இல்லைன்னு போட்டேன்! முட்டாளே!"

"தெரியும். தண்ணி பில் ஏறாம வர்றப்ப எனக்கு ஒரு சோடா வாங்கிக் குடு."

பிறகு லேலண்ட், முன்வரிசையில் இருந்த அங்காடி நிறுவனத்து ஆளைப் பார்த்தார். இளைஞன், நல்ல கோட்.

"வேலைக்கு ஆள் எடுப்பீங்கல்ல?"

"ஆமா சார். வர்ற விண்ணப்பங்கள எல்லாம் பரிசீலிப்போம்."

"பரிசீலிக்கறது இருக்கட்டும். எங்கிட்ட நாலு பேர் இருக்காங்க. நோரீன், இதையும் குறிப்புல ஏத்து. கல்லாவுல டெப் வான்யெக். எல்லா விலையும் மனப்பாடம். காய்கறிக்குக் குர்ட். அவன் வந்து..."

பேச்சு அங்கே நின்றது. மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி மார்லீன் எழுந்தாள். பொதுமக்கள் பேசும் நேரம் முடிந்துவிட்டிருந்தது. மேயர் தடுக்கவில்லை.

"குர்ட் அழுகினத விக்க மாட்டான். கறி வெட்டறது ஆஸ்கார். அவருக்கு முதுகுவலி, காலை ஷிஃப்ட் மட்டும் குடுங்க. சாமான் அடுக்கறது ஜோனி. கேட்டா சட்டுனு பதில் வராது. கொஞ்சம் பொறுத்துக்கங்க, வரும்."

இளைஞன் கோட்டுப் பையில் பேனாவைத் தேடினான். இல்லை. அடுத்த பையிலும் தேடினான்.

மெர்ல் தன் பேனாவை மேசைக்கு மேலாக நீட்டினார்.

"எழுதுப்பா" என்றார்.