திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பாலம்

முத்தலிப் முதலாளி கிராமச் சங்கத் தலைவராக இருந்த காலத்தில்தான் வேலம்மா முதல் தடவை அவரைத் தேடி வந்தாள். இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் குடியிருந்த லயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். அந்த வருசம்தான் பள்ளியில் சேர்ந்த மகள் புஷ்பவதி தினமும் கல்லுக்குக் கல் தாவித்தான் வரவேண்டும்.

"சின்னதா ஒரு பாலம் போட்டுக் குடுங்க மொதலாளி. மழ வந்தா புள்ளய ஆறு தூக்கிரும்."

"தோட்டம் எங்கட எல்லையில இல்லயே. சங்கத்தால செய்ய ஏலா," என்றார் முத்தலிப், தலையை நிமிர்த்தாமலே. தோட்டத்து ஆட்களுக்கு வோட்டுக் கிடையாது. வோட்டில்லாத முகத்துக்காகக் கழுத்தை நோகடிக்க அவர் என்ன பைத்தியமா?

பிறகு நகரசபைக்குப் போனார். கராம்பு வியாபாரமும் பெருத்தது, வயிறும் பெருத்தது. நல்ல வெயில் நாளொன்றில் வேலம்மா அங்கேயும் வந்தாள். அதே பேச்சு. "இதெல்லாம் மேலிடத்து வேல," என்று குனிந்தபடியே அனுப்பிவிட்டார். அவள் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. கூரை ஒழுகுகிறதென்று எடுபிடி ஹுசைனை ஏசினார்.

பாராளுமன்றத்துக்கும் போனார். கொழும்பு அறையில் ஒருநாள் திடீரென்று ஆற்றுப் பாசி நாற்றம்.

"புள்ள இன்னும் ஆத்துலதான் எறங்கி வர்றா மொதலாளி."

அவள் போனதும் ஹுசைனைக் கூப்பிட்டார். "அந்தப் பொம்பளய ஏன் உள்ளுக்கு உட்டாய்?"

"ஆரும் வரல்லயே சேர். நீங்க தனியத்தானே பேசிட்டிருந்தீங்க."

மறுநாளே தோட்டத்துக்கு ஓடினார். கங்காணி நாகமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்தார். "வேலம்மாவா? நீங்க சங்கத்துல இருந்தப்பவே அவள ஆறு கொண்டு போயிருச்சுங்களே. புள்ளயக் கரையில தள்ளிட்டு அவ போயிட்டா."

பயந்துபோன முத்தலிப் அன்றைக்கே பாலத்துக்கு உத்தரவு போட்டார். அதற்கப்புறம் வேலை பறந்தது. மழைக்கு முன்பே பாலம் எழும்பிவிட்டது.

ஆனால் அரசியல்வாதிக்குப் பயம் எத்தனை நாளைக்கு? மந்திரி வந்து ரிப்பன் வெட்டினால், காலியாகவிருந்த உதவி மந்திரிப் பதவி தம் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டார். மந்திரியோ இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று இழுத்தடித்தார். பெரியவர் கால் படுமுன் பிறத்தியார் கால் படலாமா? பாலத்தின் இரண்டு பக்கமும் பலகை அடித்து, காவலுக்கு ஆள் போட்டார் முத்தலிப். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

தோட்டத்துக் கந்தோரிலிருந்து நாகமுத்து அவருக்குப் போன் எடுத்தார். அழுதார். "பாலத்துல ஏறப் போன புள்ளயக் காவக்காரன் வெரட்டிட்டான் ஐயா. புஷ்பவதி பாலத்துக்குக் கீழ எறங்கித்தான் ஆத்தக் கடந்திருக்கா..."

முத்தலிப் போனை வைத்தார். அறையில் பாசி நாற்றம் அடித்தது. வாழ்நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வேணும்?" என்று கேட்டார்.

"இனி கேக்க ஒண்ணுமில்ல மொதலாளி," என்றாள் வேலம்மா. "நாங்க இங்கயே இருந்துக்கிறோம்."

அவள் பின்னாலிருந்து புஷ்பவதி வந்தாள். பள்ளிக்கூடச் சட்டையை மெதுவாகப் பிழிந்துவிட்டு, சுவரோரத்து வாங்குப் பலகையில் அம்மாவுக்கு இடம் விட்டு உட்கார்ந்துகொண்டாள்.