ஒத்துக்காரனின் சின்னவிரல்

பன்னிரண்டு வருடம் என் அண்ணன் மார்க்கண்டுவின் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதினேன். ஒத்துக்காரனுக்கு ஒரே சுரம். அண்ணன் எந்த ராகத்தில் பறந்தாலும் நான் அந்த ஸட்ஜத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். எங்கள் ஊர் அளவெட்டியில் என் வாசிப்பை ஒருவரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பலாலியில் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய நடனத்துக்கு யாழ்ப்பாணத்துக் கனிசியஸ் மாஸ்டர் ஜாஸ் குழு வைத்திருந்தார். அவர் ட்ரம்பெட் ஊதுவார். அவருடைய பியானோக்காரன் கொழும்புக்குப் போய்விட, நான் போய் அந்த இடத்தைக் கேட்டேன். எட்டு மாதம் அவரிடம் பியானோ பழகினேன். மூன்று நான்கு சுரங்களை ஒன்றாக அமுக்கினால் அது ஒரு கோர்டு. பாட்டு நகர நகரக் கோர்டும் மாற வேண்டும். மற்ற விரலெல்லாம் மாறும். ஆனால் ஒத்துப் பழக்கத்தில் என் இடக்கைச் சின்னவிரல் மட்டும் ஸட்ஜத்தை விட்டு அசையாது.

"தம்பி, உது கோயிலில்லை, விரலை எடும்," என்றார் மாஸ்டர். "சனிக்கிழமை ஆட்டத்திலையும் உப்பிடி வைச்சீரெண்டால் அடுத்த கிழமை வேறை ஆள்."

இதை நான் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "உனக்கு ஒரு சுரந்தான். சனிக்கிழமை நானே வந்து உன்னை வீட்டை கூட்டிக்கொண்டு போறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விரலை நூலால் மடித்துக் கட்டிப் பழகினேன். சனிக்கிழமை நூலை அறுத்தெறிந்துவிட்டு மேடையேறினேன்.

நாலு பாட்டுக்கு விரல் சொற்கேட்டது. ஐந்தாவது பாட்டில் மாஸ்டர் கண்ணை மூடித் தன் கற்பனையில் எங்கோ போய், பாட்டின் சுருதியையும் தாளத்தையுமே தவறவிட்டார். ஆடியவர்களின் கால் தடுமாறியது. நான் யோசித்துத்தான் செய்தேன். சின்னவிரலால் தாளத்துக்கு ஸட்ஜத்தை விடாமல் தட்டினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து சேர்ந்தார். உடனே விரலை எடுத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் அடுத்த சனிக்கிழமைக்கான பாட்டுத்தாளை என் கையில் வைத்தார். வாசலில் அண்ணன் சைக்கிளோடு நின்றார்.

"கேட்டனான். உன்ரை கை ஒத்துச் சுரத்தைத்தான் தேடுது. ஏறு."

"தேடேல்லை அண்ணை. வேணுமெண்டு நான்தான் வைச்சனான். வேலை முடிய நான்தான் எடுத்தனான்." நான் சைக்கிளில் ஏறவில்லை. "உங்களுக்குப் பின்னாலை நிக்கேக்கை ஒருநாளாவது அந்தச் சுரத்தை நிப்பாட்ட விட்டனீங்களோ?"

அண்ணன் சைக்கிளைத் திருப்பினார். நான் பாட்டுத்தாளோடு உள்ளே பியானோவுக்குப் போனேன்.