வலது பக்க ஸ்பீக்கர்

அப்பா செய்த வேலையில் நான் கண்டுபிடித்த முதல் தப்பு அது. கண்டுபிடித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பின்பால் மிஷின் நிற்கிறது. சாய்ந்த மேசை போல உடம்பு, அதன்மேல் கண்ணாடி, தலைமாட்டில் விளக்கும் எண்களும் எரிகிற ஒரு பெட்டி. ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, முட்டி மோதி, கீழே உருண்டு வரும். கீழே இரண்டு துடுப்புகள். பொத்தானை அழுத்தினால் அவை குண்டைத் தட்டி மேலே அனுப்பும். தவறவிட்டால் நடுவிலுள்ள குழியில் விழுந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கு மூன்று பந்து. அவ்வளவுதான் விளையாட்டு.

அப்பா ஒரு விளையாட்டுக் கூடத்தில் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. கூடத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய மிஷினைப் பகுதி பகுதியாக வீட்டுக்குத் தூக்கி வந்து உயிர் கொடுத்தார். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால். என்னை அதைத் தொடவே விட்டதில்லை. "படிக்கிற புள்ளைக்கு இது எதுக்கு? உள்ள போ." போனேன். படித்தேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் நான்தான் முதல் பட்டதாரி. மின்னணுவியல். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இப்போது ஒரு வாஷிங் மிஷின் கம்பெனியில் காதில் ஹெட்போனை மாட்டி, "தண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறீர்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்ட வேண்டாம்.

அந்தப் பட்டச் சான்றிதழில் உள்ள பெயர்கூட முதலில் என்னுடையது அல்ல. எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். ஏழு வயதில் காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்ததும் அவள் பெயரையே எடுத்து எனக்கு வைத்துவிட்டார்கள், அவள் சட்டைகளை எடுத்து மாட்டிவிட்டது போலவே. சுவரில் அவள் படம் இருக்கிறது. அவளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மா திடீரென்று அந்தப் பெயரைச் சொல்வாள். சின்ன வயதில் நான் எழுதுவதைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "என்னம்மா?" என்பேன்.

"உன்ன இல்ல," என்பாள்.

பத்துப் பதினைந்து தடவை ஓடியிருப்பேன். பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மாவின் பேச்சு 'உம்', 'ம்ஹூம்' என்று சுருங்கிவிட்டது. சாப்பாடு அதைவிடச் சுருங்கிவிட்டது. தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறது. சத்துக் குறைச்சல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டு அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அந்த மிஷின சரி பண்ணேன்."

"எதும்மா? அதுவா? அத முதல்ல யாருக்காவது தள்ளிவிடணும். காலு இடிக்காம நடக்க முடியல."

"எடது பக்கம் ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு. சத்தம் வரணும்."

"சத்தம் வந்தா?"

"சாப்பிடறேன்."

சின்னப் பிள்ளையிடம் பேரம் பேசுவது போல என்னிடம் பேசினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் 'சாப்பிடறேன்' என்று சொல்லிவிட்டாளே.

அவளுக்கு ஏன் அந்தச் சத்தம் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா வேலை முடிந்து வந்ததும் தினமும் ஒரு மணி நேரம் அதன்முன் நிற்பார். மனுஷன் பேய் மாதிரி ஆடுவார். ஒரே பந்தை நாற்பது நிமிஷம் விழவிடாமல் வைத்திருப்பார். அம்மா மிஷினின் இடது பக்கத்தில், அதை ஒட்டிப் போட்ட முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஆட்டத்தைப் பார்க்கமாட்டாள். சரியாக அவர் கை ஏறும் நேரத்தில், "அடுப்புல ஏதோ தீயுது, பாருங்க," என்பாள். அவர் திரும்புவார். பந்து குழியில் விழும். அடுப்பில் ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணி மட்டும் இல்லன்னா அண்ணன் உலக சாம்பியன் ஆயிருப்பாரு," என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நான் பின்னறையில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படிப்பேன். பந்து விழுந்ததும் கீச்சென்று ஏதோ ஒலிக்கும். துருப்பிடித்த கீல் என்று நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பந்துக்காரர் பொண்ணா? அதே முழி."

"ரெண்டு ஸ்பீக்கர் வேணும். அஞ்சேகால் இஞ்ச். நல்லதா குடுங்க."

"புதுசா! உங்கப்பா மாதிரி ஒரு பிடிவாதக்காரர நான் பாத்ததில்லம்மா. அதே கிழிஞ்சத எடுத்துட்டு வருவாரு. ஒட்டுப் போட்டுக் குடுன்னுவாரு. புதுசு போடுய்யா, கண்ணாடி மாதிரி கேக்கும்னு சொன்னா, கண்ணாடி மாதிரி கேட்டு நான் என்ன பண்ணப் போறேன்னுவாரு."

"அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"ஓகோ." பெட்டியைத் தேடியபடியே கேட்டார். "எத்தன ஓம்? எழுதியிருக்கறதப் படிச்சியா, அளந்தியா?"

"அளந்தேன். எடது பக்கத்தத் தொறந்து மீட்டர வச்சேன், மூணு புள்ளி ஆறு காட்டுச்சு. அப்ப நாலு ஓம்."

அதற்குமேல் அவர் என்னைச் சீண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தலைப்பெட்டியின் கண்ணாடியை உருவி, ஸ்பீக்கர் பலகையின் நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது ஸ்பீக்கரின் காகிதம் ஒட்டுக்குமேல் ஒட்டாக அப்பளம் போல நொறுங்கியது. வலது பக்கத்தைக் கழற்றியபோதுதான் அந்தத் தப்பு கண்ணில் பட்டது.

பிளக்கில் சின்ன வரப்பு ஒன்று இருக்கும். தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்திருப்பார்கள். வலது பக்கப் பிளக்கில் அந்த வரப்பு இல்லை. அரத்தால் ராவி எடுத்திருந்தார். எடுத்துவிட்டு, தலைகீழாகவே மாட்டியிருந்தார். இடது ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது வலது ஸ்பீக்கர் பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றின் சத்தத்தை ஒன்று தின்றுவிடும். அதிகம் அடிபடுவது இரண்டுக்கும் நேர் நடுவில் நிற்பவனுடைய காது. அதாவது, விளையாடுகிறவனுடைய காது.

"பாத்தியாம்மா உன் வீட்டுக்காரர் வேலைய! உள்ள போகலன்னதும் ராவித் திணிச்சிருக்காரு. இத்தன வருஷமா கம்பியத் தப்பாக் குடுத்து வச்சிருந்திருக்காரு. அவர் நின்ன எடத்துல ஒரு எழவும் கேட்டிருக்காது."

அம்மா நிமிர்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

அந்தப் பிளக்கை வெட்டி எறிந்தேன். புது ஸ்பீக்கர் இரண்டையும் பொருத்தி, கம்பிகளுக்குப் புதுக் கிளிப் வைத்துப் பற்றவைத்தேன். ரேடியோ பேட்டரி ஒன்றை எடுத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒரே மாதிரி வெளியே புடைத்தன. முறையாக, படித்தவள் செய்த வேலை. மூடித் திருகிவிட்டு மின்சாரம் கொடுத்தேன்.

மிஷினின் பாட்டு எழுந்து அறையை நிரப்பியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஸ்பிரிங் கம்பியை நான் இழுத்தேன். பந்து ஓடியது, இரண்டு இடத்தில் முட்டியது, துடுப்பைத் தட்டுவதற்குள் குழியில் விழுந்தது.

"பந்து போச்சுப்பா!"

எனக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரத்தில், ஒரு குழந்தை சொன்னாள். எனக்கு அப்படித்தான் இருந்தது. சட்டென்று குனிந்து பார்த்தேன். யாருமில்லை. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ வாளியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த வெளிச்சத்தில் அது நடந்ததுதான் இன்னும் மோசம்.

குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆணின் சிரிப்பு வந்து பாதியில் அறுந்தது.

குழந்தையின் குரலுக்கு அம்மா அசையவே இல்லை. அந்தச் சிரிப்புக்கு எழுந்துவிட்டாள்.

"அது யாரு சிரிச்சது?" என்றாள். "அவரா? அவரும் அதுல இருந்தாரா? இத்தன நாள் அது கேக்கலயே."

"அம்மா, பந்து போச்சுன்னது யாரு?"

என்னைப் பார்த்தாள். பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி. சுவரைக்கூட அவள் காட்டவில்லை. நானே திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தேன்.

பிறகு சொன்னாள். துண்டு துண்டாக. மிஷின் வீட்டுக்கு வந்தபோது அக்காவுக்கு ஆறு வயது. அப்பா ஆட, அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பந்து விழும்போதும் அப்படிக் கத்துவாளாம். கூடத்தில் சிப்பில் சத்தத்தைப் பதிவு செய்கிற மிஷின் வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, அந்தக் குரலையே பதிவு செய்து உள்ளே வைத்தாராம் அப்பா. அடுத்த வருஷம் காய்ச்சல்.

"சிப்ப எடுத்துப் போட்டுருங்கன்னு அவரோட அத்த சொன்னாங்க. நான் தலையில அடிச்சிக்கிட்டு அழுதேன். எடுத்தீங்கன்னா நானும் போயிருவேன்னேன். எடுக்கல. நாப்பதாம் நாள் முக்காலியக் கொண்டாந்து இந்த எடத்துல போட்டாரு. இங்கதான் உக்காரணும்னாரு. ஆட ஆரம்பிச்சாரு." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பந்து விழும். புள்ள கத்துவா. அவரு மொகத்துல ஒண்ணும் இருக்காதுடி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ மாறியிருந்தாக்கூடப் போதும். அடுத்த பந்த இழுப்பாரு. கல்லு. கல்லுகூடத்தான் குடும்பம் நடத்தினேன். சாகறப்பகூட இதக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல."

நான் குப்பையிலிருந்து அந்தப் பிளக்கைத் தேடி எடுத்தேன். ராவிய இடத்தை விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. அவசரத்தில் திணிக்கிறவன் இப்படி ராவமாட்டான். கரடுமுரடாக விட்டிருப்பான். இது நிதானமாக உட்கார்ந்து, ஊதி ஊதிப் பார்த்து எடுத்த வேலை.

ஐந்தாம் வகுப்பு. எந்தப் புத்தகத்தில் படித்தார்?

"இங்க வந்து நில்லும்மா," என்றேன். "அவர் நின்ன எடத்துல."

"நான் எதுக்கு?"

"வாயேன்."

அந்த இடத்தில் அவள் நின்றதே இல்லையாம். பொத்தான்மேல் கை வைக்கக்கூடப் பயந்தாள். நான் பலகையைத் திறந்து வலது ஸ்பீக்கரின் இரண்டு கிளிப்புகளையும் மாற்றி மாட்டினேன். கம்பியை இழுத்துவிட்டேன். பாட்டு சோப்புத் தண்ணீருக்குள் மூழ்கியது போல ஆகிவிட்டது. பந்து விழுந்தது.

ஒரு கீச்சல். காகிதத்தை உரசினால் வருமே, அதுபோல. அவ்வளவுதான்.

"புள்ள எங்க?" என்றாள் அம்மா பதறிப்போய். "என்னடி பண்ணின?"

"முக்காலிக்குப் போ."

அடுத்த பந்தையும் விழவிட்டேன். முக்காலிக்கு இடது ஸ்பீக்கர் முழங்கை தூரம், வலது ஸ்பீக்கர் எட்ட இருக்கிறது. தணிந்த ஆண் சிரிப்பு அங்கேயும் அமுங்கித்தான் போகும், ஆனால் குழந்தையின் குரல் அவளுக்குக் கேட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. நடுவில் நின்ற எனக்குக் கேட்கவில்லை.

அம்மா என்னையும் தன் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எதையும் விளக்கவில்லை. ஓம் கணக்கெல்லாம் தெரியாமலே அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது.

"அப்ப அவரு..." என்றாள். "கேக்கவே இல்லையா?"

"கேக்க முடியாம பண்ணி வச்சிருந்தாரும்மா. சத்தத்த மொத்தமா நிறுத்தியிருக்கலாம். அப்ப உனக்குக் கேக்காது."

அம்மா முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "அதான் பந்த அப்படிப் புடிச்சிப் புடிச்சி வச்சாரா," என்றாள். "நான் பாவி, புள்ள கொரலக் கேக்கணும்னு தீயுது தீயுதுன்னு..."

"தீயலன்னு அவருக்குத் தெரியாதாம்மா? தினம் தினமா ஏமாறுவாரு?"

கேட்கவேண்டியவரிடம் இருவருமே கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். 'உள்ள போ' என்றதற்குப் பதில் ஒரு நாள் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். நான் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இந்த வீட்டில்தானே இருந்தேன்.

"கம்பிய நேரா வச்சிரட்டுமா?" என்று கேட்டேன். "வீடு முழுக்கக் கேக்கும். சமையக்கட்டுல இருந்தாலும் கேக்கும். அவரு சிரிப்பும் கேக்கும்."

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். பின்னறையைப் பார்த்தாள். அங்கேயெல்லாம் அந்தக் குரல் நடமாடுவதை நினைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. தோளைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள்.

"வேணாம். அவரு வச்ச மாதிரியே வச்சிரு."

"சாப்பிடறேன்னு சொன்னே."

"சொன்னா செய்வேன். வை."

தட்டை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். நான் நடுவில் நின்றேன். நான்கைந்து ஆட்டம் போனதும் கை பழகிவிட்டது. துடுப்பை எப்போது தட்டவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, விரலுக்கே தெரிந்தது. மூன்றாவது பந்து விழவே இல்லை. எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

அம்மா பெயரைச் சொன்னாள்.

நான் திரும்பவில்லை. அது என்னை அல்ல.

மறுபடியும் சொன்னாள்.

"உன்னத்தான்டி. கூப்பிட்டா என்னன்னு கேக்கமாட்டியா?"

"என்னம்மா?"

"அடுப்புல ஏதோ தீயுது, பாரு."

அடுப்பு அணைந்து ஒரு மணி நேரமாகிறது. அணைத்தவள் நான். பந்து மேல் மூலையில் முட்டிவிட்டு, நேராக நடுவை நோக்கி இறங்கி வந்தது. பொத்தான்களிலிருந்து கையை எடுத்தேன்.