நண்டுக்கு விழாத ஓட்டு

பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்து முதல் ஓட்டுச் சீட்டைப் பிரித்தேன். ‘நொத்தேர் ஷார்ல்’ என்றிருந்தது. நடுவர்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். நம்மைப் போலவே இன்னொரு நல்லவனும் இங்கே இருக்கிறான் என்கிற புன்னகை. இரண்டாவது சீட்டிலும் ஷார்ல். புன்னகை தளர்ந்தது. மூன்றாவதைப் படித்தபோது பண்டிதர் ராமலிங்கம் பொடி டப்பியை மூடிவிட்டார். நான்காவதற்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐந்தாவதைப் பிரிக்கத் தேவையே இல்லை, இருந்தாலும் பிரித்து உரக்கப் படித்தேன். உரக்கப் படிப்பதற்காகத்தான் என்னைச் செயலாளனாக வைத்திருந்தார்கள். கல்லூரி மாணவன், தொண்டை நன்று, சம்பளம் கேட்காதவன். இதைவிடத் தகுதியானவன் அப்போது புதுச்சேரியில் அகப்படவில்லை.

சிறுவர்களுக்கான சிறந்த தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த வருஷம், 1936இல், முதல்முறையாகப் பரிசு வைத்திருந்தார்கள். ஜெயிக்கிற புத்தகத்தை எங்கள் இலக்கிய சபையே அச்சிட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும். எழுதியவரை நிரந்தரத் தமிழ் உபாத்தியாயர் வேலைக்குச் சிபாரிசும் செய்யும். கடைசிவரை மிஞ்சியவை இரண்டு. ஒன்று, ஊர்ப் பத்திரங்களையெல்லாம் எழுதிப் பதிந்து ஓய்வுபெற்ற நொத்தேர் ஷார்லின் ‘சிறுவர் சன்மார்க்கக் களஞ்சியம்’. அதில் பொய் சொன்ன பையன் கிணற்றில் விழுகிறான். சோம்பேறிப் பையன் மேல் வண்டி ஏறுகிறது. கீழ்ப்படியாத பெண்ணுக்கு அம்மை போடுகிறது. பாதிப் புத்தகத்துக்குள் தெருவில் பிள்ளைகளே மிஞ்சுவதில்லை. இன்னொன்று, உப்பளத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக உபாத்தியாயினியாக இருந்த இருதயமேரியின் ‘நண்டு போட்ட வழக்கு’. தன் வளையைத் தினமும் அழித்துவிட்டுப் போகிற அலைமேல் ஒரு நண்டு வழக்குப் போடுகிறது. நீதிபதி ஒரு கொடுவா மீன். கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறவர். கதையில் நீதி எதுவும் கிடையாது, நண்டுக்கும் கிடைப்பதில்லை. ஆனால் அது விடாமல் வாய்தாவுக்கு வாய்தா பக்கவாட்டில் நடந்து வந்துகொண்டே இருக்கிறது.

இருதயமேரியின் தற்காலிக வேலை அந்தப் பள்ளி வருஷத்தோடு முடிகிறது. சைகோனில் சுங்க உத்தியோகத்தில் இருந்த அண்ணன் யூஜினுக்கு மனைவி இறந்துபோனாள். பிள்ளைகளை வளர்க்க வந்துவிடு என்று தங்கைக்குக் கப்பல் டிக்கட்டே அனுப்பிவிட்டான். பரிசு கிடைத்தால் உப்பளம், கிடைக்காவிட்டால் சைகோன். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நடுவர்களுக்கும்.

டின் காலியான பிறகு முதலில் பேசியவர் டாக்டர் பிரான்சுவா. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, நண்டுதான் ஜெயிக்கும் என்று தான் நினைத்ததாகச் சொன்னார்.

“நானும் அப்பிடித்தாங்க நெனச்சேன்,” என்றார் பண்டிதர். “அந்தப் பொண்ணுக்கு நாலு ஓட்டு விழுந்துடும். பாவம் நொத்தேரு, இந்த வயசுல ஒண்ணுமே விழலன்னா நல்லாவா இருக்கும்? நம்மளுது ஒண்ணு இருக்கட்டுமேன்னு போட்டேன்.”

ஐந்து பேருமே அந்த ஒன்றைத்தான் போட்டிருந்தார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் தேர்தல் முடிவு முந்தின வாரமே ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஓட்டுப் போடுவது மரியாதைக்காக மட்டும். தோற்கப்போகிறவன் வீட்டெதிரில் நாளைக்கும் நடந்துபோக வேண்டுமே என்று போடுவது. முடிவை யாரும் முன்கூட்டியே செய்துவைக்காத ஓட்டெடுப்பு ஒன்றை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அதற்கான பயிற்சி அவர்களுக்கு இல்லை.

மறுபடியும் ஓட்டெடுக்கலாம் என்றார் டாக்டர். தலைவர் அல்பேர், ஓய்வுபெற்ற ஜட்ஜ், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிகவும் தணிந்த குரலில் சொன்னார். “ஷார்லு வெளியதான் உக்காந்திருக்கான். சீட்டாட வந்தான். தம்பி படிச்சதெல்லாம் அவன் காதுல விழுந்திருக்கும். இப்ப போயி என்னான்னு சொல்றது? ஒம்மேல எரக்கப்பட்டுப் போட்டோம், திருப்பிக் குடுன்னா?”

எட்டிப் பார்த்தேன். தாழ்வாரத்து நாற்காலியில் நொத்தேர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஐந்தும் தனக்கே விழும் என்று அவர் எந்த ஜென்மத்திலும் எதிர்பார்த்திருக்க மாட்டார். உள்ளே ஐந்து பேரும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரைக் கட்டித் தழுவி இரண்டு கன்னத்திலும் முத்தமிடப் போனார்கள்.

உப்பளத்துக்குச் செய்தி கொண்டுபோவதும் செயலாளன் வேலையாம். நான் போனபோது பள்ளி விட்டிருந்தது. இருதயமேரி அக்கா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தும் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். ஐந்தும் நொத்தேருக்கு என்றேன்.

“ஒண்ணுகூடவா விழல தம்பி?”

விழவில்லை என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் உண்மை ஆறுதலாக இருக்கும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். நண்டைப் படித்துப் பண்டிதர் சிரித்துச் சிரித்துப் புரையேறியதை, ஜட்ஜ் தன் வீட்டுக்குப் பிரதியை எடுத்துப்போய்ப் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டியதை, எல்லாவற்றையும். அவர் சாக்குக்கட்டித் தூளைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்கால மணி அடித்து ஓய்ந்தது.

“அப்ப எல்லாருக்குமே புடிச்சிருந்துதா?”

“எல்லாருக்கும், அக்கா.”

“புடிக்காமத் தள்ளியிருந்தா, என்னா கொறைன்னு கேட்டுக்கிட்டு இன்னொண்ணு எழுதுவேன்,” என்றார். “ஒரு கொறையும் இல்லன்றீங்க. இனிமே நான் எதத் திருத்தறது?”

நான் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவன். கல்லூரிப் பத்திரிகையில் வாரம் ஒருவரைக் கிண்டல் செய்தே பெயர் வாங்கியவன். அன்றைக்குத் துடைப்பானை எடுத்து நானும் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பரிசு சரியான ஆளுக்குப் போயிற்றா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஐந்துக்கு ஐந்து என்றால் பிறகு கேட்க என்ன இருக்கிறது? எழுபது வயதைத் தாண்டிய நொத்தேரை ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் வேலைக்குச் சிபாரிசு செய்யும் கடிதத்தை, விதிப்படி, நானே எழுதினேன். அதைக் கொடுக்கப் போனபோது அவர் மேஜைமேல் நண்டு கிடந்தது. படித்துப் பார்க்க இரவல் வாங்கியிருந்தார்.

“நல்லாருக்குது தம்பி,” என்றார். “எனக்கு ஓட்டு இருந்திருந்தா இதுக்குத்தான் போட்டிருப்பேன்.”

அப்படியானால் பரிசை விட்டுக்கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதை யோசிக்காமல் இல்லையாம், இரண்டு ராத்திரி தூக்கமே இல்லையாம்.

“அஞ்சு பேரும் ஒரே மனசாப் போட்டிருக்காங்களே. வேணான்னா அவங்க மனசு நோவாதா?”

கப்பல் புறப்பட்ட அன்று அக்னி வெயில். கடலுக்குள் நீண்டிருக்கும் பாலத்தின் நுனியிலிருந்து பயணிகளைப் படகில் இறக்கி, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். இருதயமேரி அக்கா ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். நடுவர்கள் ஐந்து பேரும் முன்னதாகவே வந்திருந்தார்கள். எலுமிச்சம்பழம், பிஸ்கட், வாந்திக்கு மருந்து, சைகோனில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற விலாசங்கள், எதிலும் குறைவில்லை. டாக்டர் தானே கைகொடுத்துப் படகில் இறக்கிவிட்டார். அக்கா எல்லோருக்கும் நன்றி சொன்னார். என்னைப் பார்த்து, “நல்லாப் படி தம்பி,” என்றார். படகு நகர்ந்ததும் ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அலை தூக்கிப் போட்டபோதெல்லாம் பெட்டியைப் பிடித்துக்கொண்டார், திரும்பவில்லை.

தலைவர் தொப்பியைக் கழற்றினார். உடனே டாக்டரும் மற்ற இருவரும் கழற்றினார்கள். பண்டிதருக்குத் தலைப்பாகை, எல்லோரும் கழற்றிவிட்டார்களே என்று அவரும் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டார். படகு கப்பலைச் சேர்ந்தது. கப்பல் ஊதிவிட்டு நகர்ந்து, சிறுத்து, புகையாகி, பிறகு அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. வழுக்கைகளில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. முதலில் தொப்பி போடுகிறவனாக இருக்க ஒருவருக்கும் மனமில்லை. ஐந்து பேரும் வெறுந்தலையோடு, ஒன்றுமில்லாத கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.