ஒரு புள்ளி அளவு சுடுகாடு

“எங்க குத்தட்டும், கலை? எடத்த நீதான் காட்டணும்” என்றார் நல்லுசாமி சித்தப்பா, கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்காமலே.

கலைச்செல்வன் சுடுகாட்டின் வடகிழக்கு மூலையைத் தேடிக்கொண்டிருந்தான். மூலை இல்லை. கம்பி வேலி இருந்தது. அதற்கு அப்பால் சுண்ணாம்புக்கல் சுரங்கம், பனைமர ஆழத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அம்மா ஆண்டாயியைப் புதைத்தது அந்த மூலையில்தான். இன்று விடியற்காலையில் செத்துப்போன அப்பா பூமாலை, அவள் பக்கத்தில் ஒரு கட்டில் போடும் அகலத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்தார், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. அங்கே வேறு யாரும் வரக்கூடாதென்று சாவு வீட்டிலேயே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். கால் வீங்கிப் படுத்த பிறகு இந்தப் பக்கம் அவர் வரவில்லை. பெரம்பலூரில் வேலை பார்க்கும் மகனும் வரவில்லை. அவனுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது.

கைபேசியை எடுத்தான். சங்கடம் வந்தால் மற்றவர்கள் சாமியைக் கூப்பிடுவார்கள். அவன் மேப்பைத் திறப்பான்.

அவனே போட்ட மேப்தான். சுரங்கத்தை விரிவாக்கும்போது சுடுகாட்டைச் சுற்றி ஐம்பது மீட்டர் விட வேண்டும் என்று ஊர் கேட்டு வாங்கியிருந்தது. அந்த எல்லையைப் போடும் வேலை அவன் ஆபீசுக்கு வந்து, அவன் மேசைக்கே வந்தது. இணைய மேப்பில் அதற்கொரு கருவி இருக்கிறது. இடத்தைத் தொட்டுத் தூரத்தைச் சொன்னால், சுற்றி எல்லை போட்டுத் தரும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அன்று அவன் டீயைச் சூடாகவே குடித்தான்.

பழைய செயற்கைக்கோள் படத்தின் மேல் அந்த எல்லையை வைத்துப் பார்த்தான். அழகான வட்டம். சுடுகாடு வட்டமில்லை, ஓடையோரம் நீண்டு கிடக்கும் நிலம். அதன் விளிம்பை வரைந்து, விளிம்பிலிருந்து ஐம்பது மீட்டர் கேட்டிருக்க வேண்டும். அவன் நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து கேட்டிருக்கிறான். ஊரில் செத்த அத்தனை பேரும் அந்தப் புள்ளிக்குள் ஒடுங்கிப் படுத்திருப்பதுபோல. மூலை வட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா, சித்தப்பா?”

“ஊருக்கே தெரியும். போன வருசம் மழைக்கு முன்னாடி நோண்டிட்டானுவ. போய்க் கேட்டா மேப்பக் காட்டுறானுவ. எவனோ படிச்ச பய தப்பாப் போட்டுக் குடுத்திருக்கான்.”

கலைச்செல்வன் அந்தப் படித்த பயலுக்காகத் தலையை ஆட்டினான்.

“அப்பாகிட்ட ஏன் யாரும் சொல்லல?”

“எப்புடிடா சொல்றது? பாக்க வர்றவன்கிட்டல்லாம், ‘எம்மவன் மேப்பு போட்டு ஆண்டாயியக் காப்பாத்திட்டான்’னு சொல்லிக்கிட்டே கெடந்தான். மாத்திரைய முழுங்குனானோ இல்லையோ, அத நம்பித்தான் நாள ஓட்டுனான்.”

சொல்லிவிட்டு சித்தப்பா அவன் முகத்தைப் பார்க்காமல் கடப்பாரையின் நுனியைப் பார்த்தார். அந்த ‘எவனோ’ யாரென்றும் ஊருக்கே தெரியும் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

“வேலியோரமா வெட்டுங்க சித்தப்பா. முடிஞ்ச அளவுக்குக் கிட்டக்க.”

“மண்ணு நிக்காது தம்பி. ஒரு மழைக்கு அவனும் சரிஞ்சி உள்ள போயிடுவான். ஒங்கம்மாள லாரி ஏத்தி அனுப்பியாச்சு. இவனையாவது ஊர்ல வச்சுக்குவோம்.”

கைபேசி அடித்தது. வீட்டில் பிணத்தருகே இருக்கும் தங்கை வெற்றிச்செல்வி. பின்னால் ஒப்பாரிச் சத்தம்.

“அண்ணே, அம்மா பக்கத்துலதானே வெட்டுறாங்க?”

“ஆமாம்மா.”

“நல்லாப் பாத்தியா? தள்ளிக் கிள்ளி வச்சிடப் போறாங்க. அப்பா சும்மா விடாது.”

“பாத்துட்டேன். பக்கத்துலதான்.”

வேலியிலிருந்து திரும்பி நடந்தான். மேடுகளுக்கு இடையே கொஞ்சம் வெற்றுத் தரை தெரிந்த இடத்தில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஒரு கோடு இழுத்தான். சித்தப்பா கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினார். ஓங்கிக் குத்தினார்.

குழி இடுப்பளவு இறங்கியபோது சுரங்கத்தில் வெடிச்சங்கு ஊதியது. சித்தப்பாவும் கூட வெட்டிக்கொண்டிருந்தவர்களும் பழக்கப்பட்டவர்களாய் மேலே ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். வெடித்தது. கால்களுக்கடியில் தரை ஒருமுறை அசைந்தது. குழியின் ஓரத்திலிருந்து கைப்பிடி மண் உதிர்ந்து உள்ளே விழுந்தது.

நல்லுசாமி சித்தப்பா பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, மறுபடி இறங்கி, அந்த மண்ணை அள்ளி வெளியே போட்டார்.